பனிக்காலத்தில் நீர்ப்பூங்காவும் அருவியும்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

மார்கழி பிறந்ததும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலோ பொங்கல் விடுமுறையிலோ குடும்பத்தோடு வாட்டர் தீம் பார்க் செல்லத் திட்டமிட்டிருப்பார்கள். சிலர் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கும் சிலர் சென்னைப் பக்கத்துப் பூங்காக்களுக்கும் வேன் பேசியிருப்பார்கள். அவ்வளவு தொலைவு வேண்டாம் என்போர் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறுவார்கள். "நானும் தண்ணீரில் இறங்கலாமா, டாக்டர்?" என்று கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்; இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், அல்லது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை உண்பவர். உடன் வந்த மகளோ மருமகளோ, "வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்பதுபோல் என்னைப் பார்ப்பார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவது மருத்துவருக்கு எளிது. ஆனால் பேரப்பிள்ளைகளோடு ஒரு நாளைக் கழிக்க விரும்புபவரிடம் காரணம் கூறாமல் அப்படிச் சொன்னால், அவர் தலையசைத்துவிட்டுப் போய் இறங்கத்தான் செய்வார். ஆகவே அவருக்கும் அவரை அழைத்துச் செல்வோருக்கும் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். குளிர்ந்த நீரால் உண்டாகும் ஆபத்து நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நீரில் இறங்கிய முதல் மூன்று நிமிடங்களிலும், கரையேறியபின் வரும் அரைமணி நேரத்திலும் அது குவிந்திருக்கிறது. இவ்விரு பொழுதுகளையும் கவனமாகக் கடப்பவர்களில் பலர் அந்த நாளை இனிதே கழிக்கலாம். சிலர் மட்டும் கரையிலேயே அமர்ந்திருக்க வேண்டும்.

வெயில் சுடுகிறதே, நீர் ஏன் குளிர்கிறது?

நம் சமவெளியில் தை மாதத்து நண்பகல் வெயில் சுள்ளென்றுதான் அடிக்கும். அதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். திறந்தவெளிக் குளத்து நீர் இரவு முழுவதும் வானத்துக்கு வெப்பத்தை இழக்கிறது. பனிக்காற்றில் ஆவியாவதாலும் மேலும் குளிர்கிறது. காலை பத்து மணிக்குப் பூங்காவின் கதவு திறக்கும்போது காற்று வெதுவெதுப்பாக இருந்தாலும், நீர் முந்தைய இரவின் குளிரைத் தன்னுள் வைத்திருக்கும். அது பிற்பகலில்தான் சற்றே தணியும். மலையில் இவ்வேறுபாடு இன்னும் மிகுதி. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் என்ற அளவில் காற்றின் வெப்பம் குறைகிறது. மர நிழலில் பாறையிடுக்கு வழியே வரும் அருவி நீர் வெயிலைக் காண்பதே அரிது.

மற்றொன்றையும் நினைவில் கொள்க. நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 25 டிகிரி காற்றில் சட்டையின்றி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடிகிறது. அதே 25 டிகிரி நீரில் சிறிது நேரத்திலேயே உடல் நடுங்குவது இதனால்தான். நீச்சல் போட்டி நடத்தும் குளங்களின் நீரை 25 முதல் 28 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்று உலக நீச்சல் அமைப்பு விதித்துள்ளது. நம் பூங்காக்களின் திறந்தவெளிக் குளங்களில் நீரைச் சூடாக்கும் வழக்கம் பொதுவாக இல்லை.

முதல் மூன்று நிமிடங்கள்

தோல் திடீரெனக் குளிரும்போது உடல் நம் அனுமதியைக் கேட்பதில்லை. 'ஹா' என்று ஒரு பெருமூச்சு தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்து மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடுகிறது. இதயத் துடிப்பு விரைகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறோம். முதல் அரை நிமிடத்தில் உச்சத்தை அடைந்து, இரண்டு மூன்று நிமிடங்களில் இது தணிந்துவிடும். நீரின் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே செல்லச் செல்ல இதன் வேகம் கூடுகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் மைக் டிப்டன் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். குளிர்ந்த நீரில் விழுந்து உயிரிழப்போரில் பலர், உடல் குளிர்ந்து உறைவதற்கு வெகு முன்பே, இந்த முதல் நிமிடங்களில்தான் இறக்கிறார்கள் என்பது அத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. தானாக இழுக்கப்படும் அந்த முதல் மூச்சின்போது முகம் நீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலுக்குள் செல்லும்.

நம் ஊர் நீர் ஐரோப்பியக் கடல்போல் 10 டிகிரிக்கு இறங்குவதில்லை என்பது உண்மை. நலமுள்ள இளைஞருக்கு நம் நீரில் ஏற்படும் அதிர்ச்சி ஒரு சிலிர்ப்போடும் கூச்சலோடும் முடிந்துவிடும். இதயத்தின் இரத்தக் குழாய் சுருங்கியிருப்பவருக்கு, அதே சிலிர்ப்பு இதயத்தின் சுமையை ஒரே நொடியில் கூட்டிவிடுகிறது.

டிப்டனும் இலண்டனைச் சேர்ந்த ஷாட்டக்கும் 2012இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. உடல் தோல் குளிர்ந்தால் இதயம் விரைகிறது. முகம் நனைந்து மூச்சை அடக்கினால் இதயம் மெதுவாகிறது. இரண்டு கட்டளைகளும் ஒரே நேரத்தில் வந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். உயரமான சறுக்கிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு நேரே குளத்துக்குள் பாய்வது சரியாக இந்த நிலையைத்தான் உண்டாக்குகிறது. ஆகவே இதய நோயாளிகளுக்குச் செங்குத்துச் சறுக்கு எந்தப் பருவத்திலும் கூடாது, பனிக்காலத்தில் அறவே கூடாது. பூங்கா வாயிலில் இதே எச்சரிக்கையை எழுதி வைத்திருப்பார்கள், படிப்போர் குறைவு.

இந்த அதிர்ச்சிக்கு உடலைப் பழக்கவும் முடியும். குளிர்ந்த நீரில் சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை இறங்கினாலே அடுத்த முறை அதிர்ச்சி வெகுவாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மார்கழி விடியலில் நாள்தோறும் குளத்தில் முழுகும் பெரியவர் நடுங்காததும், வீட்டில் வெந்நீரிலேயே குளிக்கும் அவருடைய மகன் அலறுவதும் இதனால்தான். கிணற்றடியில் முதலில் பாதத்தில் ஊற்றி, பிறகு முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறிக் கடைசியில் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கும் உடலியங்கியல் துணை நிற்கிறது. நனையும் பரப்பு சிறிது சிறிதாகக் கூடினால் அதிர்ச்சி மட்டுப்படும். பூங்காவிலும் இதையே செய்க. படிக்கட்டு உள்ள பக்கத்தில் அமர்ந்து காலை நனைத்து, கையிலும் கழுத்திலும் நீரைத் தடவி, மூச்சு சீரான பின்னரே இடுப்பளவு இறங்குங்கள். எதிர்பாராமல் ஆழத்தில் விழுந்துவிட்டால் உடனே நீந்த முயலாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து மல்லாந்து மிதந்து மூச்சு அடங்கும்வரை பொறுத்திருங்கள்.

இதய நோயாளிகளும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும்

மாரடைப்போ ஆஞ்சியோபிளாஸ்டியோ முடிந்து சில வாரங்களே ஆனவர்கள் நீரில் இறங்கலாகாது. பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு நெஞ்செலும்பு கூடுவதற்கே ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதற்குள் சறுக்கோ மிதவையோ கூடாது. நடந்தால் நெஞ்சு இறுகுபவர், இதயச் செயலிழப்பால் கால் வீங்கியிருப்பவர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர் ஆகியோரும் கரையில் இருப்பதே நல்லது.

மற்றவர்களுக்கு நான் வழக்கமாகக் கேட்கும் எளிய கேள்வி இது: நிற்காமல் இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு வலியோ மிகுந்த மூச்சிரைப்போ வருகிறதா? வராது என்றால், மருத்துவரின் ஒப்புதலோடு, வெயில் நன்கு ஏறியபின், இடுப்பளவு நீரில், மெதுவாக நீர் ஓடும் கால்வாயில் மிதவையில் அமர்ந்து பேரப்பிள்ளைகளோடு செல்லலாம். வயிறு புடைக்க உண்டவுடன் இறங்க வேண்டாம்.

நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையைப் பற்றி ஒரு சொல். இதைப் பலரும் பணப்பையோடு சேர்த்து லாக்கரில் பூட்டிவிட்டு, சாவியைப் பேரனின் கையில் கட்டிவிடுகிறார்கள். அம்மாத்திரை பூட்டுக்குள் இருந்து பயனில்லை. கைப்பேசிக்கென விற்கும் நீர்புகா உறையில் இட்டு, நீரில் இறங்காமல் கரையில் இருக்கும் ஒருவரின் கழுத்தில் தொங்கவிடுங்கள். நெஞ்சு வலி வந்தால் நோயாளியை உட்கார வைத்த பின்னரே கொடுக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் அழுத்தம் சரிந்து மயங்கி விழக்கூடும். வலி ஐந்து நிமிடங்களில் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள்.

பயண நாளில் சிறுநீர் அடிக்கடி வருமே என்று நீர் மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் தாமாகவே நிறுத்துபவர்கள் உண்டு. இது தவறு. நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டு அறிக. குளிரும் நீரமுக்கமும் சேர்ந்தால் மாத்திரை இல்லாமலேயே சிறுநீர் மிகுதியாகப் பிரியும். தாகம் தோன்றாவிட்டாலும் இடையிடையே நீர் பருக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் சறுக்கில் தலை இடித்துக்கொண்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கரையேறிய பின்

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இப்பகுதியைத்தான். நீரிலிருந்து வெளிவந்ததும் குளிர் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். கைகால்களில் தேங்கிய குளிர் உடலின் நடுப்பகுதிக்குப் பரவுவதால், கரையேறிய பிறகும் சிறிது நேரம் உட்புற வெப்பம் இறங்கிக்கொண்டேயிருக்கும். நனைந்த உடை காற்றில் உலரும்போது தேவையான வெப்பத்தை உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீரில் முக்கால் மணி நேரம் இருந்தவர், நனைந்த உடையோடே வரிசையில் நின்று, உண்டு, மீண்டும் வரிசையில் நின்று மூன்று மணி நேரத்தைக் கழிக்கிறார். பிறகு மாலையில் வேனின் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஈரத்தோடு ஊர் திரும்புகிறார். முதியவர்களுக்கும், தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும், மெலிந்தவர்களுக்கும் தீங்கு விளைவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆளுக்கு இரண்டு துண்டு, ஒரு முழு மாற்றுடை, தலைக்கும் காதுக்கும் ஒரு பருத்தித் துணி ஆகியவை போதும். கரையேறியதும் ஈர உடையைக் களைந்து, தலையைத் துவட்டி, உலர்ந்த உடை அணிந்து, காற்று வீசாத இடத்தில் வெயிலில் அமருங்கள். வெதுவெதுப்பான பால், சுக்குமல்லிக் காப்பி எதுவும் நன்று. மது கூடாது. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்துச் சூடு ஏறியதுபோல் தோன்றச் செய்து, உள்வெப்பத்தை வெளியேற்றிவிடும். அறிவையும் தடுமாறச் செய்யும். அருவியருகே மது அருந்துவதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

நடுக்கம் நல்ல அறிகுறி. உடல் வெப்பத்தை உண்டாக்க முயல்கிறது என்று பொருள். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கக் கலக்கமாக இருந்தால் அதுவே அபாயம்.

குழந்தைகள்

எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரிது. எனவே பெரியவரைவிட விரைவில் குளிர்ந்துவிடும். கைக்குழந்தைக்கோ நடுங்கும் ஆற்றலும் போதாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பனிக்காலத்தில் குளத்தில் இறக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வளர்ந்த பிள்ளைகளை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றித் துவட்டி, சிறிது நேரம் வெயிலில் அமர்த்துங்கள். "குளிருதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆம் என்று சொல்லாது. உதட்டைப் பாருங்கள்: நீலம் பாய்ந்திருந்தால் விளையாட்டு முடிந்தது. ஓடியாடிக் கொண்டிருந்த பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றாலும் அவ்வாறே.

வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை அழைத்துச் செல்லாதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். அதனால் வயிற்றுப்போக்கு வந்தவர்கள், நின்றபிறகும் இரண்டு வாரம் பொதுக் குளத்தில் இறங்கலாகாது. செவிப்பறையில் துளை உள்ளவர்களுக்குக் குளிர்ந்த நீர் காதில் புகுந்தால் சீழ் பிடிப்பதோடு தலைசுற்றலும் வரும்.

சர்க்கரை நோய், ஆஸ்துமா, பிற நோய்கள்

சர்க்கரை நோயாளிகளில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சர்க்கரை தாழ்ந்தாலும் நடுக்கம் வரும், குளிரினாலும் நடுக்கம் வரும். வரிசையில் நின்று உணவு நேரம் தள்ளிப்போயிருந்தால் முதலில் சர்க்கரைத் தாழ்வையே நினைக்க வேண்டும். குளுக்கோமீட்டரில் பாருங்கள், அது கையில் இல்லையேல் காத்திராமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். தை மாதத்திலும் நண்பகல் சிமெண்டுத் தளம் சுடும். மலை விடுதியில் இரவில் நெருப்பருகே கால் நீட்டிக் குளிர் காய்ந்து, கொப்புளம் எழுந்ததை மறுநாள் காலையில்தான் காண்பார்கள். அந்தப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றாட இன்ஹேலரை நிறுத்தக்கூடாது. உடனடி நிவாரண இன்ஹேலரையும் கையில் வைத்திருக்க வேண்டும். போகியன்று புகை சூழ்ந்திருக்க, மறுநாளோ அதற்கு மறுநாளோ குளிர்ந்த நீரிலும் குளோரின் நெடியிலும் இறங்கினால் மூச்சுக்குழல் இறுகக்கூடும். இரண்டு மூன்று நாள் கழித்துச் செல்லுங்கள்.

வலிப்பு நோயாளி நீரில் இறங்கினால், கையெட்டும் தூரத்தில் அவருடைய நோயை அறிந்த ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் பட்ட இடத்தில் தடிப்பும் அரிப்பும் வருபவர்கள் அதைச் சாதாரணச் சொறி என்று எண்ணிவிடாதீர்கள். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நனைந்தால் அவர்களுக்கு அழுத்தம் சரிந்து நீருக்குள்ளேயே மயக்கம் வரலாம். முன்கையில் பனிக்கட்டியை ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கும் எளிய சோதனையால் மருத்துவமனையிலேயே இதைக் கண்டறியலாம்.

அரிவாளணு இரத்தசோகை உள்ளவர்களுக்குக் குளிர்ந்த நீர் கடும் வலியைத் தூண்டும். தென்னிந்திய மலைமக்களிடையே இக்குறைபாடு இருப்பதை 1952இல் நீலகிரியில் லேமனும் கட்புஷும் கண்டறிந்தனர். மலைக் கிராமங்களிலிருந்து வரும் நம் நோயாளிகளில், குளிர் நாளில் எலும்பு வலி என்று அடிக்கடி படுத்துவிடும் பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நன்று.

குளிர்ந்த நீரால் சளி பிடிக்குமா?

சளியை உண்டாக்குவது வைரஸ். நீர் தானாக உண்டாக்குவதில்லை. ஆயினும் பாட்டியின் சொல்லை முற்றிலும் தள்ளவும் முடியாது. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் எக்கிள்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 90 பேர் 20 நிமிடம் குளிர்ந்த நீரில் காலை வைத்திருந்தனர். இன்னொரு 90 பேர் வைக்கவில்லை. அடுத்த நான்கைந்து நாட்களில் முதற்குழுவில் 13 பேருக்கும் மற்றதில் 5 பேருக்கும் சளி கண்டது. மூக்கில் ஏற்கெனவே அடங்கியிருந்த வைரஸ், குளிரில் இரத்த ஓட்டம் குறைந்தபோது தலைதூக்கியிருக்கலாம் என்பது அவர்களுடைய விளக்கம். வேறு ஆய்வுகள் எல்லாம் இதனோடு ஒத்துப்போகவில்லை. எனவே ஏற்கெனவே தும்மலும் காய்ச்சலும் உள்ளவர் பயணத்தைத் தள்ளிப்போடுக. மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

கல்வராயன் மலை அருவிகள்

மேகம் அருவி, பெரியார் அருவி போன்ற இடங்களுக்குச் செல்வோர், பூங்காவில் உள்ள இரண்டு இங்கே இல்லை என்பதை அறிய வேண்டும். உயிர்காப்பாளர் இல்லை, நீர்மட்டத்துக்கு வரம்பும் இல்லை. வடகிழக்குப் பருவமழையின் வால் மார்கழியிலும் நீளும். மலைமேல் பெய்த மழை, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. 2021 அக்டோபரில் ஆத்தூர் அருகே ஆணைவாரி முட்டல் அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, ஒரு தாயும் குழந்தையும் பாறையில் சிக்கிக்கொண்டதையும், வனத்துறையினரும் அங்கிருந்தவர்களும் கயிற்றின் துணையால் அவர்களை மீட்டதையும் பலர் காணொளியில் கண்டிருப்பீர்கள். நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, ஓசை கூடினாலோ அக்கணமே கரையேறுங்கள். வனத்துறை தடை விதித்த நாளில் போகாதீர்கள். கொட்டும் நீருக்கு நேர்கீழே தலையைக் கொடுத்து நிற்பது இதய நோயாளிகளுக்கும் கழுத்தெலும்பு தேய்மானம் உள்ளவர்களுக்கும் ஆகாது. மலையில் எல்லா இடத்திலும் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. வளைவுகள் நிறைந்த பாதையில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய நேரமாகும். ஆகவே அண்மையில் மாரடைப்பு வந்தவரை நான் அருவிக்கு அனுப்புவதில்லை.

ஆபத்து நேர்ந்தால்

2023இல் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. மூழ்கியவரை மீட்டதும் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை எடுக்க முயல்வதும் நம் பகுதியில் இன்னும் காணப்படுகின்றன. இதனால் பொன்னான நிமிடங்கள் வீணாவதோடு, வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் ஏறவும் கூடும். அவரை மல்லாத்திப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை மூச்சைச் செலுத்த வேண்டும். பிறகு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள்.

மூச்சு இருந்து உடல் குளிர்ந்திருந்தால், படுத்த நிலையிலேயே ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் முதலில் மார்பையும் வயிற்றையும் போர்த்துங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். நீரை விழுங்கி இருமியவர் எழுந்து நடந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்றே மருத்துவமனையில் காட்டுங்கள். நுரையீரலின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

விடுமுறைப் பயணத்துக்குத் திட்டமிட்டிருப்போர் இரண்டு வாரத்துக்கு முன்பே, தற்போது உண்ணும் எல்லா மருந்துகளின் சீட்டோடும் கடைசியாக எடுத்த இ.சி.ஜி. தாளோடும் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். அழைத்துச் செல்பவரும் உடன் வருவது நல்லது.